புருணை ஏன் நம்மோடு சேரவில்லை?

ஆசியான் நாடுகளின் நிலம், மக்கள், ஆட்சிமுறை பற்றி நாங்கள் நடத்தும் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எந்த நாட்டைப் பேசினாலும் நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "புருணையும் மலாய் பேசும் நாடுதான். அங்கேயும் சுல்தான்தான் ஆட்சி. மூன்று பக்கமும் சரவாக். சற்றுத் தள்ளினால் சபா. அப்படியிருக்க, 1963இல் அது மட்டும் ஏன் மலேசியாவில் சேரவில்லை?"

"எண்ணெய்ப் பணம்" என்று இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். காப்பிக் கடையில் கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, புருணையில் எண்ணெய் கிடைப்பதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆற்றங்கரையில் நடந்து முடிந்துவிட்டது. அந்த ஆற்றின் பெயர் லிம்பாங்.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். புருணையின் பரப்பளவு 5,765 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆனால் நமது நெகிரி செம்பிலானைவிடச் சிறியது. மக்கள்தொகை சுமார் நாலரை இலட்சம். நான்கு மாவட்டங்கள்: புருணை-மூவாரா, துத்தோங், பெலாயிட், தெம்புரோங். முதல் மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாட்டின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கான தெம்புரோங் மட்டும் கிழக்கே தனியாகக் கிடக்கிறது. இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஆப்பு அடித்தாற்போல் நிற்பது சரவாக் மாநிலத்தின் லிம்பாங் மாவட்டம்.

இந்த ஆப்பு என்ன செய்கிறது என்பதை மிரியிலிருந்து கோத்தா கினபாலுவுக்குக் காரில் போனவர்களைக் கேட்டால் தெரியும். சுங்கை துஜோவில் சரவாக்கை விட்டு வெளியேற ஒரு முத்திரை, புருணைக்குள் நுழைய ஒரு முத்திரை. கோலா லூராவில் புருணையை விட்டு வெளியேற மூன்றாவது. தெடுங்கானில் லிம்பாங்குக்குள், அதாவது மறுபடியும் மலேசியாவுக்குள் நுழைய நான்காவது. பண்டாருவானில் வெளியேற ஐந்தாவது, பூனியில் தெம்புரோங்குக்குள் நுழைய ஆறாவது. லாபுவில் புருணைக்கு மறுபடியும் விடை சொல்ல ஏழாவது. மெங்காலாப்பில் லாவாஸ் மாவட்டத்துக்குள் கால் வைக்க எட்டாவது. அதோடு முடிந்ததா? சரவாக்கை விட்டு சபாவுக்குப் போக மெராப்போக்கில் ஒன்று, சிண்டுமினில் ஒன்று. ஆகப் பத்து முத்திரைகள். கடைசி இரண்டும் ஒரே நாட்டுக்குள்ளேயே குத்தப்படுபவை. குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டுதான் சபாவும் சரவாக்கும் மலேசியாவில் சேர்ந்தன என்பது தீபகற்பத்தில் இருக்கும் நம்மில் பலருக்கு அங்கே போய் நிற்கும்போதுதான் உறைக்கும்.

பயணிக்கு இது ஒரு வேடிக்கை; கடப்பிதழில் பக்கம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். லிம்பாங்வாசிக்கு அப்படியல்ல. சாலை வழியாக மிரிக்குப் போனாலும் புருணை, லாவாசுக்குப் போனாலும் புருணை. தெம்புரோங் மக்களுக்கும் 2020 வரை அதே பாடுதான். தங்கள் தலைநகருக்குத் தரை வழியாகப் போக மலேசியாவைத் தாண்ட வேண்டியிருந்தது. இல்லையென்றால் படகு. பண்டாருவான் ஆற்றில் 2013இல் நட்புறவுப் பாலம் திறக்கப்படும் வரை வாகனங்களை மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள்.

இப்படி ஒரு நாட்டை நடுவில் வெட்டியது யார்?

போர்னியோ என்ற பெயரே புருணை என்ற பெயரின் திரிபு. அந்தத் தீவின் வடக்கு, மேற்குக் கரைகள் ஒரு காலத்தில் புருணை சுல்தானின் ஆளுகையில் இருந்தன. மெகல்லனின் கப்பல்களில் வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகாபெட்டா 1521இல் புருணையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். (மெகல்லன் அதற்கு முன்பே பிலிப்பைன்சில் கொல்லப்பட்டுவிட்டார்.) அரசரின் மாளிகையும் சில பிரபுக்களின் வீடுகளும் தவிர, ஊர் முழுவதும் தண்ணீரின்மேல் மரத்தூண்களில் நிற்கிறது என்கிறார். தூதர்களை அழைத்துச் செல்லப் பட்டு போர்த்திய யானைகள் வந்தன என்கிறார். இருபத்தையாயிரம் குடும்பங்கள் என்று அவர் சொல்லும் கணக்கை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால், அவர் பார்த்த ஊர் பொய்யில்லை. கம்போங் ஆயர் என்ற அந்த நீர்க்கிராமம் தலைநகர் பண்டார் ஸ்ரீ பெகாவானுக்கு எதிரே இன்றும் தூண்களின்மேல் நிற்கிறது. பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாம் தண்ணீரின் மேல்தான்.

19ஆம் நூற்றாண்டில் அந்தப் பேரரசு தளர்ந்து போயிருந்தது. சரவாக் ஆற்றுப் பகுதியில் கிளர்ச்சி. அதை அடக்க உதவிய ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயருக்கு 1841இல் அந்தப் பகுதியின் ஆட்சி கைமாறியது. வெள்ளைக்கார ராஜா பரம்பரை தொடங்கிய கதை அதுதான். அதன் பிறகு பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து எடுப்பது போல நடந்தது. 1853இல் ஒரு பகுதி, 1861இல் ஒரு பகுதி, 1882இல் பாராம், 1885இல் துருசான். 1846இல் லாபுவான் தீவு பிரிட்டனுக்குப் போயிருந்தது. 1877இல் சபாப் பக்கத்து நிலங்கள் வேறொரு வணிகக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. எல்லாம் கையெழுத்துப் போட்டு, ஆண்டுத் தொகை பேசி நடந்த காரியங்கள்தாம். ஆனால், தலைநகரில் வறுமை, பெங்கிரான்களிடையே பூசல். இந்த நிலையில் இருந்தவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை இருவர் சமமாக உட்கார்ந்து பேசியவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1888இல் புருணை பிரிட்டனின் பாதுகாப்பு நாடானது. வெளியாரிடமிருந்து காப்போம் என்பது ஏற்பாடு. இரண்டே ஆண்டுகள். 1890 மார்ச்சில் ராஜா சார்ல்ஸ் புரூக் லிம்பாங்கில் தன் கொடியை ஏற்றிவிட்டார். பாதுகாவலர் தடுக்கவில்லை; பின்னர் அதற்கு ஒப்புதலும் அளித்தார். ஏனெனில் சரவாக்கும் அதே 1888இல் அதே பிரிட்டனின் பாதுகாப்பு நாடாகியிருந்தது!

நியாயத்தைச் சொல்ல வேண்டும். லிம்பாங் மக்கள் புருணைப் பிரபுக்களின் வரிக்கொடுமை தாங்காமல் 1884 முதலே கிளர்ந்து எழுந்திருந்தார்கள். அவர்களே தம்மை விரும்பினார்கள் என்பது புரூக்கின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால், லிம்பாங் தொலைதூர மாகாணம் அல்ல. தலைநகருக்கு அடுத்த ஆறு. சேகோ, பிரம்பு, காட்டுப் பொருள்கள் வந்து சேரும் வழி. அதை இழந்தபோது புருணை இரண்டாக உடைந்தது. அன்றைய சுல்தான் ஹாஷிம் ஜலிலுல் ஆலம் அகாமதின் நட்டஈட்டை வாங்க மறுத்தார். 1906இல் இறக்கும் வரை அந்த இழப்பை ஏற்கவில்லை.

மிச்சமிருந்த புருணையையும் சரவாக்கோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை இலண்டனில் இருக்கத்தான் செய்தது. 1904இல் நிலைமையைப் பார்த்துவர அனுப்பப்பட்ட மெக்கார்தர் என்ற அதிகாரி, ஒரு ரெசிடெண்டை அமர்த்தி நாட்டைக் காப்பாற்றலாம் என்று அறிக்கை எழுதினார். 1906இல் ரெசிடெண்ட் முறை வந்தது. அவரே ரெசிடெண்ட்டாகவும் வந்தார். ஓர் அதிகாரியின் அறிக்கை வேறு மாதிரி இருந்திருந்தால் இன்று புருணை என்ற பெயர் சரவாக்கின் ஒரு டிவிஷன் பெயராக இருந்திருக்கும். 1929இல் செரியாவில் எண்ணெய் பீறிட்டது. கடன்கார நாடு பணக்கார நாடானது. 1955இலேயே முதியோர் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பின்னணியோடு 1961க்கு வருவோம். மே 27ஆம் நாள் சிங்கப்பூர் அடெல்பி ஹோட்டலில் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடையே பேசிய துங்கு அப்துல் ரஹ்மான், மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகியவை நெருங்கிவர வேண்டும் என்று சொன்னார். சுல்தான் ஓமார் அலி சைபுடின் கொள்கையளவில் அதை வரவேற்றார். துங்கு மீது அவருக்கு மதிப்பு இருந்தது. ஆனால், நாட்டுக்குள் காற்று வேறு பக்கம் வீசியது.

அஸாஹாரி என்பவர் தலைமையில் 1956இல் உருவான புருணை மக்கள் கட்சி, மலேசியாவை எதிர்த்தது. சரவாக், சபா, புருணை மூன்றும் சேர்ந்து வட கலிமந்தான் என்ற தனி நாடு. அதற்குப் புருணை சுல்தான் அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட மன்னர். ஆட்சி மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம். இதுதான் அவர்களின் கனவு. ஒருவகையில் பழைய புருணையை மறுபடியும் ஒட்டவைக்கும் கனவு. 1962 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. மாவட்ட மன்றங்களின் 55 இடங்களில் 54 மக்கள் கட்சிக்கு. அம்மன்றங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 16 சட்டமன்ற இடங்களும் அவர்களுக்கே. ஆனால், சட்டமன்றத்தில் மொத்தம் 33 பேர். மீதி 17 பேர் தேர்தல் இல்லாமல் வந்தவர்கள். ஒரே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் மக்கள் தீர்ப்பு சிறுபான்மை ஆனது.

டிசம்பர் 8ஆம் நாள் விடியும் முன்னரே புரட்சி வெடித்தது. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. செரியா எண்ணெய் வயல் கிளர்ச்சியாளர் கையில் விழுந்தது. லிம்பாங்கும்கூட. அஸாஹாரி அப்போது மணிலாவில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து கூர்க்கா படைகள் விமானத்தில் விரைந்தன. லிம்பாங்கில் பிணை பிடிக்கப்பட்டவர்களை மீட்கப்போன பிரிட்டிஷ் கடற்படை வீரர்களில் ஐவர் டிசம்பர் 12இல் மாண்டனர். சில நாள்களில் முக்கிய ஊர்கள் மீட்கப்பட்டன, கட்சி தடை செய்யப்பட்டது, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அஸாஹாரி நாடு திரும்பவே இல்லை. 2002இல் இந்தோனேசியாவில் காலமானார்.

மக்கள் கட்சி ஒழிந்ததால் மலேசியாவுக்கு வழி திறந்துவிட்டது என்றுதான் கோலாலம்பூரில் நினைத்தார்கள். 1963இன் முற்பாதியில் பேச்சுவார்த்தை சூடுபிடித்தது. முட்டிக்கொண்ட இடங்கள் முக்கியமாக இரண்டு.

முதலாவது எண்ணெய். கூட்டரசுக்கு ஆண்டுக்கு 40 மில்லியன் வெள்ளி தர புருணை இணங்கியது. ஆனால், எண்ணெய் வருமானத்தின் மீதான உரிமை பத்தாண்டுகளுக்குத்தான் புருணையிடம் இருக்கும், பிறகு கூட்டரசு வரி விதிக்கலாம் என்பது மலாயாவின் நிலை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் எண்ணெய்க்கோ அந்தப் பத்தாண்டும் கிடையாது. தென்மேற்கு அம்பா என்ற பெரிய கடல் வயல் கண்டறியப்பட்டதும் அதே 1963இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மரியாதை. நமது மாமன்னர் மலாய் ஆட்சியாளர்களிடையே சுழல்முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அந்த வரிசையில் புருணை சுல்தானுக்கு எந்த இடம்? அவர் அரியணை ஏறிய 1950ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் மூத்தவர்களில் ஒருவர். மலேசியாவில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் கடைசி ஆள். போர்னியோவுக்கே பெயர் கொடுத்த அரச மரபைக் கடைசி நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

எது உண்மையான காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பணமா, பதவி வரிசையா என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்வி கிடக்கிறது. இன்று எழுதித் தரும் வாக்குறுதி நாளைக்கும் நிற்குமா? 1888இல் எழுதிய பாதுகாப்பு இரண்டு ஆண்டு நின்றது. இப்போது பத்தாண்டு என்கிறார்கள். லிம்பாங் கண்ணெதிரே தெரியும் அரண்மனையில் இருந்துகொண்டு அந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியுமா? ஜூலை 9ஆம் தேதியிட்ட மலேசிய ஒப்பந்தம் இலண்டனில் கையெழுத்தானபோது புருணையின் கையெழுத்து அதில் இல்லை.

இதில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். மக்கள் வாக்குச்சீட்டின் மூலம் 1962இல் மலேசியா வேண்டாம் என்றார்கள். சுல்தான் 1963இல் மலேசியா வேண்டாம் என்றார். இரு தரப்பும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஆனால் இடையில் ஒரு போர் நடந்துவிட்டது. மக்கள் கேட்ட இரண்டில் ஒன்று, அதாவது மலேசியாவில் சேராமை, கிடைத்தது. மற்றொன்று, தேர்ந்தெடுத்த ஆட்சி, கிடைக்கவில்லை. "ஏன் சேரவில்லை" என்று கேட்கும் நாம் இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

தேர்தல் வழி ஆட்சிக்கு நகரும்படி பிரிட்டன் பிறகு நெருக்கியது. சுல்தான் ஓமார் 1967இல் முடிதுறந்து மகன் ஹசனல் போல்கியாவை அமர்த்தினார். அப்போது இளையவருக்கு வயது 21. அவர்தான் இன்றும் சுல்தான். தந்தை திரைக்குப் பின்னால் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தார்; தலைநகரின் "ஸ்ரீ பெகாவான்" என்ற பெயர் முடிதுறந்த அவரைச் சிறப்பிக்க 1970இல் வைத்தது.

சேராமல் போனாலும் உறவு அறுந்துவிடவில்லை. 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டபோது ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. 1973இல் மலேசியா விலகிக்கொண்டது. புருணையும் சிங்கப்பூரும் விலகவில்லை; 2017இல் பொன்விழாவுக்கு ஐம்பது வெள்ளி நினைவு நோட்டே வெளியிட்டார்கள். இன்றைக்கும் புருணை வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒரே மதிப்புதான். மலேசியாவோடு மட்டும் எழுபதுகளில் கசப்பு. புருணை 1970இல் லிம்பாங்கைத் திரும்பக் கேட்டது. 1973இல் தடுப்புக் காவலிலிருந்து தப்பிய மக்கள் கட்சித் தலைவர்களுக்கு மலேசியா இடம் கொடுத்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஹுசேன் ஓன் காலத்தில்தான் காயம் ஆறத் தொடங்கியது. 1984 ஜனவரி 1இல் முழுச் சுதந்திரம். ஆறே நாளில் ஆசியானின் ஆறாவது உறுப்பினர்.

இன்றைய ஆட்சி? சுல்தானே பிரதமர், தற்காப்பும் நிதியும் அவரிடமே. 1962இல் அறிவித்த அவசரகாலம் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. சுதந்திரம் பெற்ற 1984இல் சட்டமன்றத்தை நிறுத்திவைத்து, 2004இல் நியமன உறுப்பினர்களோடு மீண்டும் கூட்டினார்கள். தனிநபர் வருமான வரி இல்லை. குடிமக்களுக்குப் பள்ளிப்படிப்பும் மருத்துவமும் ஏறக்குறைய இலவசம். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் மலாய் இனத்தவர். பத்தில் ஒருவர் சீனர். அந்தச் சீனரில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல், கடப்பிதழுக்குப் பதில் அடையாளச் சான்றிதழோடு பயணம் செய்கிறார்கள். நீல நிற அடையாள அட்டைக்காக அலைந்த பெற்றோரின் பிள்ளைகளான நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எல்லைக்கு வருவோம். 2009 மார்ச் 16இல் அப்துல்லா படாவியும் சுல்தானும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். லிம்பாங் கோரிக்கையைப் புருணை கைவிட்டது என்று மலேசியத் தரப்பு அறிவித்தது. லிம்பாங் பேசப்படவே இல்லை என்று புருணைத் தரப்பு மறுத்தது. கடலில் சர்ச்சைக்குரிய இரண்டு எண்ணெய்ப் பகுதிகள் புருணைக்கு என்று முடிவானது. நில எல்லையைப் பழைய ஒப்பந்தங்களின்படி அளந்து நடலாம் என்றும் முடிவானது. அந்த ஒப்பந்தங்களும் 1920க்கும் 1939க்கும் இடையில் சரவாக்கும் புருணையும் செய்துகொண்டவை. புரூக் குடும்பம் போயும் அவர்கள் காலத்து எழுத்து போகவில்லை.

புருணை காத்திருக்கவில்லை. லிம்பாங்கைத் தொடாமல், புருணை விரிகுடாவின் குறுக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி 2020 மார்ச்சில் திறந்துவிட்டது. 130 ஆண்டுகளுக்குப் பிறகு புருணைக்காரர் ஒருவர் அந்நிய மண்ணை மிதிக்காமல் காரிலேயே தெம்புரோங் போய்ச் சேர முடிகிறது. அந்தப் பாலத்துக்கு வைத்திருக்கும் பெயர், 1963இல் கையெழுத்துப் போடாமல் வந்த சுல்தான் ஓமார் அலி சைபுடினுடையது.

மிரியிலிருந்து கோத்தா கினபாலு போகிற நம்மவரும் அந்தப் பாலத்தில் ஏறலாம். கோலா லூரா, தெடுங்கான், பண்டாருவான், பூனி நான்கும் கழிந்துவிடும். பத்து முத்திரை ஆறாகும். அந்த ஆறில் நான்கு புருணைக்காக. மீதி இரண்டு, மெராப்போக்கிலும் சிண்டுமினிலும், நாம் நமக்கே குத்திக்கொள்பவை.